தேர்க்காலும் வெண்பனியும்

அடுத்த வீட்டு அம்மையாரின் ஐயம்

கார்த்திகை மாதம் பிறந்து, அண்ணாமலையின் உச்சியை மேகம் பாதி மறைத்திருந்த ஒரு காலைப்பொழுதில், எங்கள் அடுத்த வீட்டு அம்மையார் தம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கனடாவின் டொராண்டோ மாநகரில், ஸ்கார்பரோ என்னும் பகுதியில் வசிக்கும் அவருடைய மகன் அனுப்பியிருந்த சலனப்படம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. தெரு முழுவதும் வெண்மை. வீட்டுக் கூரை, மரக்கிளை, வேலி யாவும் வெண்மை. அந்த வெண்மைக்கு நடுவே, நம் ஊர் வாடகைக் கார்களைப் போன்ற மகனின் சின்னஞ்சிறு கார், தன் மேல் படிந்ததை அவர் துடைப்பத்தால் தள்ளிவிட்டபின், எவ்விதப் பிரயாசையும் இன்றி நகர்ந்து தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"கால வச்சாலே வழுக்கி விழற எடத்துல, இம்மாத்தூண்டு காரு எப்படிங்க சார் போவுது? அதுக்கெல்லாம் ஜீப்பு இல்ல வேணும்?" என்று கேட்டார் அம்மையார். அதோடு விட்டாரில்லை. சென்ற ஐப்பசி மழையில் அவர்கள் உறவினரின் கார், அதே அளவுள்ளது, ஏரிக்கரையோரச் சேற்றில் புதைந்து, நான்கு பேர் தள்ளியும் அசையாமல் கிடந்ததையும் நினைவூட்டினார். சேற்றில் தோற்ற கார் பனியில் வெல்வது எங்ஙனம் என்பது நியாயமான கேள்வி. பனியைக் கண்ணால் கண்டிராத ஊரில் வாழும் நாம் இதை ஆராய்வதால் என்ன பிரயோஜனம் என்று எண்ண வேண்டியதில்லை. இதற்குரிய விடையின் பெரும்பகுதி, ஆண்டுதோறும் நம் மாட வீதியிலேயே நம் கண்முன் நகர்ந்து செல்கிறது.

ஒரு சொல், மூன்று பொருள்

முதலில் சொற்களைச் சற்றே பிரித்துக்கொள்வோம். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதையும் பனி என்கிறோம். உதகமண்டலத்தில் சனவரி மாதத்துப் புல்வெளிகளை வெளுக்கச் செய்வதையும் பனி என்கிறோம். மணாலியில் வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்குவதையும் பனி என்கிறோம். இவற்றுள் முதலாவது வெறும் நீர்த்துளி. இரண்டாவது, தரையிலேயே உறைந்த உறைபனி. மூன்றாவதை இந்த அத்தியாயத்தில் வெண்பனி என்று வழங்குவோம். வெண்பனி மிதிபட்டு இறுகியோ, உருகி மீண்டும் உறைந்தோ கண்ணாடி போலாகிவிட்டால் அது பனிக்கட்டி. காரோட்டுபவனுக்கு இவற்றின் வேற்றுமை உயிர்ப்பிரச்சினையாகும்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? கண்ணாடியும் வழவழப்பானதுதான், ஆயினும் அதன் மேல் நாம் அவ்வளவு எளிதில் சறுக்குவதில்லை. பனிக்கட்டியின் புறப்பரப்பில், உறைநிலைக்குக் கீழே கூட, திரவத்தை ஒத்த மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-ஆம் ஆண்டிலேயே கருதினார். உள்ளே கட்டியாய்ப் பிணைந்து நிற்கும் நீர்மூலக்கூறுகள், மேற்பரப்பில் ஒரு பக்கம் பிடிமானமின்றித் தளர்ந்து கிடப்பதே அதற்குக் காரணம். அதன் மேல் உரசுகின்ற பொருள் எழுப்பும் வெப்பமும் சேர்ந்து அப்படலத்தை இன்னும் இளக்கிவிடுகிறது. கடுங்குளிரில் இப்படலம் மெலிந்து, வழுக்கலும் குறைகிறது. ஆகவே, உறைநிலைக்குப் பல பாகை கீழே போன நடுக்குளிர்காலத்தைவிட, உறைவதும் உருகுவதுமாக ஊசலாடுகின்ற நாட்களே ஓட்டுநருக்கு அதிக ஆபத்தானவை. சாமானிய அறிவு இதற்கு நேர்மாறாகவே நினைக்கும்.

குல்பி விற்பவர் தம் பானையைச் சூழ்ந்த பனிக்கட்டியில் உப்பைக் கொட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். உப்பு கலந்த நீர் எளிதில் உறைவதில்லை. இந்த யுக்தியைத்தான் டொராண்டோ நகரத்தார் சாலை முழுவதற்கும் கையாள்கிறார்கள். மண்வாரி வண்டிகள் வெண்பனியை ஒதுக்கிச் செல்ல, உப்பு வண்டிகள் பின்தொடர்கின்றன. உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை அளவு சென்றுவிட்டால் சாதாரண உப்பின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குமேல் மணல்தான்.

தேரை இழுப்பது எது?

தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று மாட வீதியில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அவற்றுள் அம்மன் தேருக்குப் பெண்களே வடம் பிடிப்பது நம் ஊருக்குரிய விசேஷம். அண்ணாமலையாரின் பெரிய தேர் நிலையை விட்டு அசையும் அந்தக் கணத்தைக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும்: தேரின் சக்கரங்கள் தாமாகச் சுழல்வதில்லை. வடம் பிடித்தவர்களின் பல்லாயிரம் பாதங்கள் தரையைப் பின்னோக்கி உதைக்கின்றன; தரை அந்தப் பாதங்களை முன்னோக்கித் தள்ளுகிறது; அந்தத் தள்ளல் உடல் வழியாகவும் வடம் வழியாகவும் ஏறிச் சென்று தேரை அடைகிறது. சக்கரங்களோ சும்மா உருண்டு வருகின்றன.

இப்போது மாட வீதி முழுவதும் பனிக்கட்டி படர்ந்திருப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். தேரை உருட்டுவதற்கு வேண்டிய பலம் அதிகரித்துவிடவில்லை. ஆயினும் தேர் நகராது. ஏனெனில் வடம் பிடித்தவர்களின் பாதங்கள் தரையில் ஊன்றாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். பாதத்துக்கும் தரைக்கும் இடையே நிகழும் இந்த ஊன்றுதலுக்குப் பற்று என்று பெயரிடுவோம். உராய்வு என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதுவேதான். ஆனால் உராய்வு என்றவுடன் தேய்மானமும் விரயமுமே நினைவுக்கு வருவதால், நமக்கு உபகாரம் செய்கின்ற இந்த அம்சத்துக்கு வேறு பெயர் வேண்டியிருக்கிறது.

காரில் வடம் பிடிப்பவர்கள் யார்? எஞ்சினோடு இணைக்கப்பட்ட சக்கரங்கள். மற்றவை தேர்க்கால்கள், வெறுமே உருள்பவை. முன்சக்கரம் இரண்டும் வடம் பிடித்து இழுக்க, பின்சக்கரங்கள் உருண்டு வருமானால் அதை முன்னிழுவைக் கார் என்போம். 1983-இல் சாலைக்கு வந்த மாருதி 800 அத்தகையது, இன்றைய சிறு கார்களுள் பெரும்பாலானவையும் அத்தகையவையே. பின்சக்கரங்கள் உந்த முன்சக்கரங்கள் உருளுவது பின்னுந்து கார். அம்பாசிடர் அந்த வகை. நான்குமே வடம் பிடித்தால் அது நாற்சக்கர இயக்கம். அம்மையார் ஜீப்பு என்று குறிப்பிட்டது இதைத்தான்.

நூறு கிலோவுக்கு எத்தனை?

பற்றை அளப்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சக்கரத்தின் மேல் நூறு கிலோ எடை அழுத்தும்போது, அது வழுக்கத் தொடங்குமுன் எத்தனை கிலோ எடைக்கு ஈடான இழுப்பைத் தாங்குகிறது என்று கேட்டால் போதும். காய்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ எண்பது. இறுகிய வெண்பனியில் சாதாரண டயருக்கு ஏறத்தாழ இருபது. குளிர்காலத்துக்கென்றே செய்யப்பட்ட டயருக்கு முப்பது. பனிக்கட்டியில் பத்து, நீர் பூத்த பனிக்கட்டியாயின் அதற்கும் கீழே. டயருக்கு டயர், நாளுக்கு நாள் இவை மாறும். ஆயினும் நம் கணக்குக்கு இந்த எண்கள் போதும்.

ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு முன்னிழுவைக் காரை எடுத்துக்கொள்வோம். எஞ்சினும் பல்லமைப்பும் முன்புறத்திலேயே இருப்பதால், முன்சக்கரங்களின் மேல் அறுநூறு கிலோவும் பின்சக்கரங்களின் மேல் நானூறு கிலோவும் அழுத்துகின்றன என்க. சாதாரண டயரோடு வெண்பனியில் நிற்கும்போது, வடம் பிடிக்கும் முன்சக்கரங்களின் பற்று நூற்றுக்கு இருபது வீதம் நூற்றிருபது கிலோ. ஆயிரம் கிலோ எடையை நூற்றிருபது கிலோ இழுப்பைக் கொண்டு ஏற்ற வேண்டுமாயின், நூறு அடி போவதற்குள் பன்னிரண்டு அடி உயர்கின்ற ஏற்றம் வரையில் ஏற்றலாம். சமதளத்தில் கார் உருள்வதற்கு வேண்டியதோ இதில் மிகச் சொற்பப் பங்கு. அம்மையாரின் மகன் அவ்வளவு இலகுவாகக் கிளம்பிச் சென்றதன் ரகசியத்தில் பாதி இதுதான்: ஸ்கார்பரோவின் தெரு ஏறக்குறைய சமதளம்; அவருக்கு வேண்டியிருந்த பற்று அற்பம். ஏரிக்கரைச் சேற்றில் நிலைமை வேறு. அங்கே சக்கரம் அமிழ்ந்துவிட்டதால், ஒவ்வொரு அங்குலமும் தன் முன்னே நிற்கும் சேற்றுச் சுவர் ஒன்றின் மேல் ஏறுவதற்கு ஒப்பாகிவிட்டது. வெண்பனியும் ஒரு முழ ஆழம் குவிந்துவிட்டால் அதே கதிதான்.

அதே எடையுள்ள பின்னுந்து காரில் வடம் பிடிப்பது நானூறு கிலோ தாங்கும் பின்சக்கரங்கள்; ஆகவே எண்பது கிலோ இழுப்பு, எட்டடி ஏற்றம். குளிர்நாடுகளில் பின்னுந்து கார் வைத்திருந்தவர்கள் பின்பெட்டியில் மணல்மூட்டையை ஏற்றிக்கொண்டதற்கும், எஞ்சினைப் பின்சக்கரங்களின் மேலேயே சுமந்த பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் வெண்பனியில் நற்பெயர் எடுத்ததற்கும் காரணம் இங்கே விளங்கும். நாற்சக்கர இயக்கமாயின் ஆயிரம் கிலோவும் வடம் பிடிக்கிறது: இருநூறு கிலோ, இருபதடி ஏற்றம்.

இனி, நம் முன்னிழுவைக் காருக்குக் குளிர்கால டயரை மாட்டுவோம். அறுநூறு கிலோவுக்கு நூற்றுக்கு முப்பது வீதம் நூற்றெண்பது, பதினெட்டடி ஏற்றம். சாதாரண டயரோடு நிற்கும் ஜீப்பின் இருபதுக்கு இது கிட்டத்தட்ட வந்துவிட்டது. (ஏற்றத்தில் எடை சற்றுப் பின்புறம் சாய்வதால் முன்னிழுவைக்கு இதில் கொஞ்சம் நஷ்டம் உண்டு. அனுபவசாலிகள் சிலர் வழுக்குகின்ற மேட்டில் காரைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றுவது, இழுக்கும் சக்கரங்களைச் சரிவின் கீழ்ப்புறத்துக்குக் கொண்டுவந்து அந்த எடையைத் திரும்பப் பெறுவதற்கே.)

ஒற்றைச் சக்கரம் மட்டும் சுழலுவானேன்?

சேற்றில் புதைந்த காரைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு விந்தையும் ஞாபகம் இருக்கும். ஒரு சக்கரம் விசையோடு சுழன்று சேற்றை வாரி இறைக்கும். அதன் ஜோடியோ அசையாது நிற்கும். காரணம், இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள ஒரு பல்லமைப்பு. ஒர்க்‌ஷாப்புகளில் அதை டிஃபரன்ஷியல் என்பார்கள், நாம் பகிர்பல்லமைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். வளைவில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டு, ஆனால் விசையை மட்டும் இரண்டுக்கும் சரிசமமாகப் பகிர்ந்தளிப்பது அதன் தொழில். அந்தச் சமநீதியே இங்கே கேடாக முடிகிறது: வழுக்கும் சக்கரம் எவ்வளவு சொற்ப விசையை ஏற்குமோ, அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். இருசக்கர இயக்கம் என்று நாம் எண்ணியது, ஓரம் பனிக்கட்டியாகவும் நடு உலர்ந்தும் கிடக்கிற சாலையில், ஒரு வழுக்கும் சக்கரத்தின் தயவில் ஓடும் வாகனமாகிவிடுகிறது. இக்காலத்துக் கார்களில் வழுக்கும் சக்கரத்தை மட்டும் மெல்லப் பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை அடுத்ததற்குத் திருப்புகின்ற மின்னணு ஏற்பாடு இருப்பது பெரிய உபகாரம். அது இல்லாத காலத்தில் நம்மவர்கள் சக்கரத்தின் கீழே தென்னை மட்டையும் கோணிச்சாக்கும் இட்டார்கள். கனடாவில் மணலும் சாம்பலும் இட்டார்கள். இரண்டும் ஒரே விஞ்ஞானம்.

ஏறுவது ஒன்று, நிற்பது வேறு

இதுவரை சொன்னவற்றிலிருந்து, ஜீப்பே சிறந்தது என்ற அம்மையாரின் அபிப்பிராயம் பாதியளவு நிரூபணமாகிவிட்டது. மறுபாதியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏமாற்றத்தின் விலை சில சமயம் உயிராக இருப்பதால், இங்கே சற்றுத் தங்கிச் செல்ல விரும்புகிறேன்.

தேரை இழுப்பது வடம், நிறுத்துவது முட்டுக்கட்டை. தேர்க்காலின் முன்னே உரிய சமயத்தில் முட்டுக்கட்டையைச் செருகும் அந்த மனிதருக்கு, வடத்தை எத்தனை ஆயிரம் பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி அக்கறையில்லை. காரின் பிரேக்கும் அப்படியே. இருசக்கர இயக்கமாயினும் நாற்சக்கர இயக்கமாயினும், எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களாலும்தான் நிற்கின்றன. கிளம்புவதில் ஜீப்புக்கு இருக்கிற அனுகூலம் நிற்பதில் அறவே இல்லை.

மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்னும் மிதமான வேகத்தில் வரும் கார், பிரேக்கை அழுத்திய கணத்திலிருந்து, காய்ந்த சாலையில் சுமார் 8 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய வெண்பனியில் குளிர்கால டயரோடு 21 மீட்டர். சாதாரண டயரோடு 31 மீட்டருக்குச் சற்று மேல். பனிக்கட்டியில் 63 மீட்டர். நம் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் பதினோரு நிலைகளோடு 66 மீட்டர் உயரமுடையது. அந்தக் கோபுரத்தை அப்படியே தெருவில் படுக்கவைத்தால், அடியிலிருந்து ஏறக்குறைய கலசம் வரையில் அந்தக் கார் சறுக்கிக்கொண்டே போகும். அதை ஓட்டுபவர் நாற்சக்கர இயக்கத்தில் இருந்தாலும் இதே தூரம்தான்.

வெண்பனி மிகுந்த நாட்களில், மணாலியிலிருந்து சோலங் பள்ளத்தாக்கை நோக்கிச் செல்லும் பாதையில், நாற்சக்கர இயக்க வாகனங்களையோ சக்கரத்தில் சங்கிலி பூட்டியவற்றையோ மட்டும் காவலர்கள் அனுமதிப்பதுண்டு. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வழியே, வெண்பனியை முதன்முறை பார்க்கும் ஆசையோடு சமவெளியின் டயர்களோடேயே மக்கள் திரளாகப் போகிறார்கள். மேட்டில் நின்றுபோய் வழியை அடைத்துவிடாமலிருக்க அக்கட்டுப்பாடு உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இறக்கத்தில், சாதாரண டயரோடு மூவாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகின்ற கனமான ஜீப்பைவிட, சங்கிலி பூட்டி மெல்ல இறங்கும் சிறு காரையே நான் நம்புவேன்.

இதே கணக்கில் ஓர் ஆறுதலும் உள்ளடங்கியிருக்கிறது. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. வேகம் பாதியானால் கால்பங்காகிறது. வெண்பனியின் பற்று, காய்ந்த சாலையின் பற்றில் கால்பங்கு. ஆகவே, நாற்பதில் ஓட்டுகிற இடத்தில் இருபதில் ஓட்டுபவர், சாதாரண டயரோடு கூட, வெண்பனியிலும் அதே 8 மீட்டரில் நின்றுவிடுகிறார். காசு கொடுத்து வாங்க வேண்டாத இந்தப் பாதுகாப்புக்கு நிகரான கருவி எந்தக் காரிலும் கிடையாது.

குளிரில் விறைக்கும் ரப்பர்

குளிர்கால டயர் என்பது ஆழமான வெட்டுகள் கொண்ட டயர் மட்டுமல்ல. நாம் ஓட்டும் சாதாரண டயரின் ரப்பர், ஏறத்தாழ ஏழு பாகைக்குக் கீழே போனவுடன் இளக்கம் குறைந்து விறைக்கத் தொடங்குகிறது. விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படிந்து பற்றாமல், மரக்கட்டை போல மேலோடு மேலாக நழுவுகிறது. மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பரோ உறைநிலைக்குக் கீழே எழுபது பாகை வரையில் கண்ணாடித்தன்மை அடைவதில்லை. எனவே குளிர்கால டயரின் கலவையில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர்கள், மரப்பட்டையைச் சீவி வடித்தெடுக்கும் வெண்மை, இந்த வெண்மையோடு மல்லுக்கு நிற்கத் தகுந்த பொருள் என்பதை நினைக்கையில் எனக்கு எப்போதும் ஒரு பெருமிதம் உண்டாகிறது.

இரண்டாவது விசேஷம், டயரின் முகத்தில் கத்தியால் கீறினாற்போல் நெருக்கமாக ஓடுகிற நுண்கீறல்கள். அவற்றின் பயனை அறியப் புட்டு மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பதமாகப் பிசிறிய மாவு, கையில் பிடித்தால் பிடிபடுகிறது, உதிர்த்தால் உதிர்கிறது, வெண்பனியும் அத்தகையதே. அந்தக் கீறல்களும் வெட்டுகளும் வெண்பனியைக் கவ்வி இறுக்கிப் பிடித்துக்கொள்ள, டயரில் பிடிபட்ட பனி சாலையில் கிடக்கும் பனியோடு சேர்ந்து பற்றுகிறது. ரப்பர் பனியைப் பற்றுவதைவிட, பனி பனியைப் பற்றுவதே வலிது. டயரில் ஒட்டிய பனியைக் கண்டு வழுக்கும் என்று அஞ்சுவது இயல்பு. உண்மை அதற்கு மாறானது.

ஃபின்லாந்து நாட்டில் 1934-ஆம் ஆண்டிலேயே லாரிகளுக்கென்று இத்தகைய டயரைச் செய்தார்கள். ஈராண்டு கழித்துக் கார்களுக்கும் வந்தது. இன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் முதல் தேதி தொடங்கி மார்ச் 15 வரையில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஸ்கார்பரோ அடங்கிய ஒன்டாரியோவில் அப்படியொரு கட்டாயம் இல்லை. மூன்று சிகரங்களையுடைய மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் பொறித்த முத்திரை டயரின் பக்கவாட்டில் இருந்தால், அது வெண்பனிக்குச் சோதித்துத் தேறியது என்று பொருள்.

மூலை திரும்பும் பக்குவம்

பெரிய தேர் மாட வீதியின் மூலைக்கு வந்ததும் என்ன செய்கிறார்கள்? வடத்தைத் தளர்த்துகிறார்கள், முட்டுக்கட்டையைச் சாய்த்து வைத்துச் சிறுகச் சிறுகத் திருப்புகிறார்கள், முகம் நேரானபின் மறுபடியும் இழுக்கிறார்கள். இழுத்தல், நிறுத்தல், திருப்புதல் என்னும் மூன்று காரியங்களும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழ்கின்றன. வெண்பனியில் காரோட்டும் வித்தையும் முழுக்க முழுக்க இதுவேதான். டயருக்கு உள்ள பற்று ஒன்றே. அதைக்கொண்டே முடுக்கவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை மிதிப்பவர், திரும்புவதற்கு வைத்திருந்த பற்றை நிறுத்துவதற்குச் செலவழித்துவிடுகிறார். கார் ஸ்டியரிங் காட்டும் திசையை மறந்து நேராகவே போகிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, இரண்டாம் கியரில் மெல்லக் கிளம்பி, எந்த மிதியையும் வெடுக்கென்று அழுத்தாமலிருப்பவர் ஆண்டாண்டுக் காலம் சாதாரணக் காரையே ஓட்டிக் குளிர்காலங்களைக் கடந்துவிடுவார். நோர்வேயில் ஓட்டுநர் உரிமம் பெற விரும்புபவர், வேண்டுமென்றே வழுக்கலாக்கிய தளத்தில் காரைச் சறுக்கவிட்டுப் பார்க்கும் பாடத்தைக் கட்டாயம் முடித்தாக வேண்டும். அங்கே குடியேறிய நம் ஈழத்துச் சகோதரர்கள் பலரும் அப்பாடத்தைக் கற்றவர்கள்தாம்.

முன்னிரண்டா, நான்குமா?

இவ்வளவையும் அம்மையாருக்கு நான் ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. தீபத்துக்கு முந்தைய பத்து நாட்களில், மாலைதோறும் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினோம். ஏழாம் நாள் தேர் பார்த்துவிட்டு வந்த இரவு, அவர் மகனை அழைத்து, "காரு என்ன காருன்னு கேக்கல, டயரு என்ன டயருடா போட்டிருக்க?" என்று விசாரித்தார். இழுப்பது முன்சக்கரந்தானே என்று முன்னிரண்டுக்கு மட்டும் குளிர்கால டயர் மாட்டியிருப்பதாகவும், அதனால் பாதிச் செலவு மிச்சமானதாகவும் மகன் பதில் சொன்னார்.

அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். முன்சக்கரங்கள் நன்றாகப் பற்றி, பின்சக்கரங்கள் பற்றாமல் போகும் கார், வளைவில் பிரேக் பிடித்ததும் என்ன ஆகும் என்பதை அவரிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவர் தேர் பார்த்து வளர்ந்தவர். "முன்னால கட்டய போட்டுட்டுப் பின்னால சும்மா வுட்டா, பின்பக்கம் சுத்திக்கினு முன்ன வந்துடாதா?" என்றார். அப்படியேதான் வரும். கார் பம்பரம்போல் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்து நிற்கும்.

மறுவாரம் மகனிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. வெண்பனி மிதிபட்ட ஒரு வாசலில், காரின் பின்சக்கரத்தருகே ஜாக்கியும் கழற்றிய பழைய டயர்கள் இரண்டும் கிடந்தன.